முதல் பக்கத்தில் என் பெயர் வேண்டாம்

மோர்னிங்சைட், ஸ்காபரோ
06.11.2022, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜெனாட்டுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் எழும்பி நடமாடித் திரிகிறோம், அம்மாவின் முழங்கால் நோ மட்டும் படி ஏறும்போது கொஞ்சம் கூட. நீ பிரசல்ஸில் நேரத்துக்குச் சாப்பிட்டு நித்திரை கொண்டு சுகமாக இருக்கவேண்டும் என்பதுதான் இன்று காலைப் பூசையிலும் எங்கள் இரண்டு பேரின் மன்றாட்டு. இன்று விடிய இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு மாற்றினோம், நவம்பர் பிறந்தும் இன்னும் குளிர் வரவில்லை, அம்மா பின்வளவில் கடைசிப் பச்சைமிளகாய்களைப் பிடுங்கி உறைபெட்டியில் போட்டிருக்கிறா. கடிதம் என்றவுடன் நீ பயந்துவிடாதே, ஒருவருக்கும் ஒரு வருத்தமும் இல்லை. இதை டெலிபோனில் சொல்ல இரண்டு தரம் முயன்றேன், உன் குரல் கேட்டவுடன் மழையைப் பற்றியும் மா விலையைப் பற்றியும் கதைத்துவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். தபாலில் போட்டால் நாளாகும், எழுதி முடித்ததும் அம்மா பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வட்சப்பில் அனுப்புவா. பதினைந்தாம் திகதி உன் புத்தகம் அச்சுக்குப் போகிறது என்றாய். அதற்கு முன் நீ இதை முழுக்க வாசிக்கவேண்டும். சனிக்கிழமை வகுப்பில் நீ படித்த தமிழ் இதற்குப் போதும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் எனக்குத் துணிவு போய்விடும். ஜெனாட், நான் இந்த நாட்டில் ஒரு நாளும் வாக்குப் போட்டதில்லை. ஒரு தேர்தலிலும் இல்லை. நீ அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் என்னைப் பற்றி எழுதியிருக்கும் வரி பொய், அந்தப் பொய் உன்னுடையது அல்ல, என்னுடையது.

அது தொடங்கிய நாளில் நீயும் அங்கே நின்றாய், உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. தொண்ணூற்றேழாம் ஆண்டு நவம்பர், எனக்குக் குடியுரிமை கிடைத்து ஒரு வருடம், உனக்கு ஆறு வயது. அம்மா வேலைக்குப் போய்விட்டதால் உன்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட ஜிம்முக்குப் போனேன். சேட்டுக்கு அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு போனேன். சுவரில் பிள்ளைகள் கீறிய படங்கள் தொங்கின, அவற்றைப் பார்த்துக்கொண்டு நில் என்று உன்னைக் கதவடியில் விட்டுவிட்டு வரிசையில் நின்றேன். மேசையில் இருந்த பெண்மணி லிஸ்டில் என் பெயரைத் தேடினா, இல்லை. ஒரு படிவத்தை எடுத்து வைத்து ஏதோ கேட்டா. தொழிற்சாலையில் ஒன்பது வருடம் பேசிய இங்கிலிஷ் எனக்கு மெசினுக்கும் போர்மனுக்கும்தான் காணும், அவ கேட்டது விளங்கவில்லை. திரும்பவும் கேட்டா, கொஞ்சம் சத்தமாக, கோபத்தில் அல்ல, எனக்கு விளங்கட்டும் என்றுதான். பின்னுக்கு ஏழெட்டுப் பேர் நின்றார்கள், ஒருவர் தொண்டையைச் செருமினார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. ஓகே, தாங்க்யூ என்று சொல்லி அந்தப் படிவத்தை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினேன். நீ ஓடி வந்து, “வோட் போட்டீங்களா அப்பா?” என்று கேட்டாய். நான் ஓம் என்றேன். ஆருக்கு என்று கேட்டாய், அது சொல்லக்கூடாத விஷயம் என்றேன். அதைக் கேட்டு நீ ஒரு பெரிய மனிசி போலத் தலையாட்டினாய். நடந்தது அவ்வளவுதான். அந்த மேசையில் இருந்தவவில் ஒரு பிழையும் இல்லை, ஐந்து நிமிடம் நின்றிருந்தால் அவவே எல்லாவற்றையும் நிரப்பித் தந்திருப்பா என்று இப்போது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் போய்வருகிறேன் என்று சொல்லி வெளிக்கிட்டேன். எங்கே போனேன் தெரியுமா, எல்ஸ்மியர் வீதிச் சந்தியில் உள்ள கோப்பிக் கடைக்கு. அங்கே அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வீட்டுக்கு வருவேன். வந்து சனம் நிறைய, வரிசை மெதுவாகப் போனது என்று கதை சொல்வேன். நீ எட்டாம் வகுப்பில் ‘வாக்களிக்கும் என் அப்பா’ என்று ஒரு கட்டுரை எழுதி ரீச்சரிடம் நல்ல பெயர் வாங்கினாய், அதை அம்மா குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினா. நான் ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டிப் பால் எடுத்தேன். பல்கலைக்கழகத்தில் நீ அரசியல் படிக்கப் போகிறேன் என்றபோது எல்லாரும் எங்கேயிருந்து வந்த ஆசை என்று கேட்டார்கள், நீ என்னைக் காட்டினாய். நான் மறுக்கவில்லை. பிறகு நீ பிரசல்ஸுக்குப் போய், ஐரோப்பிய நகரங்களில் எத்தனை பேர் வாக்களிக்க வருகிறார்கள், எத்தனை பேர் வருவதில்லை, ஏன் என்று ஆராயும் வேலையில் சேர்ந்தாய். நூறு பேரில் வராமல் இருப்பவர்களைப் பற்றி நீ டெலிபோனில் கதைக்கும்போதெல்லாம் நான் ம் கொட்டிக்கொண்டு இருப்பேன். உன் எண்ணிக்கையில் இல்லாத இன்னொரு நகரத்தில், வராதவர்களில் ஒருவன்தான் உன்னோடு கதைத்துக்கொண்டிருந்தான்.

இந்த ஒக்ரோபரில் நடந்ததுதான் என்னை இப்படி எழுத வைத்தது. மாநகரத் தேர்தல் வருகிறதென்று எங்கள் முதியோர் சங்கத்துச் செல்வரட்ணம் அண்ணை, சங்கத் தலைவர், உனக்கு அவரைத் தெரியும்தானே, என்னை ஒரு பேச்சுப் பேசச் சொன்னார். “உம்மட மகள் உதிலதானே வேலை செய்யிறா, அவவிட்ட கேட்டு நாலு விஷயம் சொல்லும்” என்றார். நான் உன்னிடம் கேட்டேன், நீ வேலைக்கு நடுவே இருந்து எனக்காகத் தமிழில் ஒரு அட்டவணை செய்து அனுப்பினாய். அதைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். நாற்பது பேர் வந்திருந்தார்கள், ஒவ்வொருவருக்கும் ஐரோப்பாவில் ஒரு பிள்ளையோ சகோதரமோ இருக்கிறார்கள், அதனால் நகரங்களைப் பற்றிய பேச்சு தங்கள் தங்கள் ஆட்களைப் பற்றிய பேச்சாக மாறிவிட்டது. ஸ்டொக்ஹோமில் நூற்றுக்கு எண்பது என்றதும் அங்கே மகனை வைத்திருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாரிஸில் கொரோனா நேரம் நாற்பது என்றதும், “என்ர மருமகனுக்கு லீவு எண்டால்தான் தெரியும், எலெக்சன் எண்டால் தெரியாது” என்று ஒரு அம்மா சொல்லச் சிரிப்பு. ரோமில் பாதிப் பேர்கூட வரவில்லை, வியன்னாவில் மூன்றில் இரண்டு பங்கு, லண்டனில் நாற்பதைக் கொஞ்சம் தாண்டியது என்றேன், செல்வரட்ணம் அண்ணைக்குத் தம்பி லண்டனில், அவருக்கு முகம் கறுத்தது. பிரசல்ஸில் எண்பதுக்கு மேல் என்று சொல்லி, அங்கேதான் என் மகள் இருக்கிறா என்றேன், நீயே எல்லாரையும் கொண்டுபோய் வாக்களிக்க வைத்த மாதிரி.

அட்டவணைக்குக் கீழே நீ ஒரு குறிப்பு எழுதியிருந்தாய். ஒரு நகரத்தை இன்னொன்றுக்குப் பக்கத்தில் வைத்துச் சும்மா பார்க்கக்கூடாது, பிரசல்ஸில் வாக்களிப்பது சட்டப்படி கட்டாயம், ஸ்டொக்ஹோமில் நாட்டுத் தேர்தலும் நகரத் தேர்தலும் ஒரே நாளில், சில நகரங்களில் முன்கூட்டிப் பெயர் பதியவேண்டும், வராதவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் அல்ல, ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று. அந்த இடத்தை நான் வாசிக்கவில்லை. வேண்டுமென்றேதான் வாசிக்கவில்லை. கடைசி வசனத்தைக் கண்டபோது நீ என்னைக் கண்டுபிடித்துவிட்டாய் போல ஒரு கோபம் வந்தது. அதற்குப் பதிலாக நான் என்ன சொன்னேன் என்றால், இந்த நகரத்தில் எங்கள் சனம் வீட்டில் படுத்திருக்கிறது, வெட்கக்கேடு, நான் இருபத்தைந்து வருடத்தில் ஒன்றையும் தவறவிட்டதில்லை என்று. கை தட்டினார்கள். அந்த உற்சாகத்தில், கார் இல்லாதவர்கள் என்னைக் கூப்பிடுங்கள், நானே கொண்டுபோய் இறக்குவேன் என்றும் சொன்னேன். ஒரே ஒருவர்தான் கூப்பிட்டா, வேரோனிக்கா அக்கா. எண்பத்தொரு வயது, மன்னார்ப் பக்கம், இந்த வசந்தத்தில்தான் ரெக்ஸ்டேலில் இருந்து மகனோடு எங்கள் பக்கத்து அடுக்குமாடிக்கு மாறி வந்தவ. மகன் லொறி ஓட்டுகிறான், வீட்டில் நிற்பது குறைவு.

இருபத்துநாலாம் திகதி திங்கட்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு அவவை ஏற்றிக்கொண்டு போனேன். நல்ல சாரி உடுத்து, மேலே கம்பளிச் சட்டை போட்டு, கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தா. இந்த நாட்டில் இதுதான் முதல் தரம் என்றா, மகனுக்கு நேரமில்லை, தனிய வரப் பயம், “நீர் அண்டைக்குப் பேசினதைக் கேட்டுத்தான் தம்பி நான் வெளிக்கிட்டனான்” என்றா. பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினேன். “நீரும் வாரும் தம்பி, எனக்கு இங்கிலிஷ் தெரியாது” என்றா. நான் முதலே போட்டுவிட்டேன், திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று சொன்னேன். துணைக்கு ஆள் வரலாம் என்று எனக்குத் தெரியும். உள்ளே போனால் என் பெயரையும் கேட்பார்கள், லிஸ்டில் இல்லை என்பது அவவுக்கு முன்னால் வெளிவரும் என்ற பயம்தான். தடியை ஊன்றிக்கொண்டு தனியப் போனா. கால்மணித்தியாலத்துக்குப் பிறகு வெளியே வந்தா, கையில் சின்னத் துண்டு ஒன்று. காரில் ஏறி இருந்து, “ஏலாதாம் போல கிடக்கு, என்னவோ எழுதித் தந்திச்சினம், உதை ஒருக்கால் வாசிச்சுச் சொல்லும்” என்றா.

வாசித்தேன். அதில் பெரிய எழுத்தில், ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற மாதிரி எழுதியிருந்தது. உங்கள் பெயர் லிஸ்டில் இல்லை, பரவாயில்லை, சேர்த்துக்கொள்ளலாம், பெயரும் விலாசமும் உள்ள ஒரு கடிதம் கொண்டு வாருங்கள், வங்கிக் கடிதம், பென்சன் கடிதம், எதுவும் காணும், எட்டு மணி வரை திறந்திருப்போம் என்று. அவவிடம் இருந்தது சுகாதார அட்டை மட்டும், அதில் விலாசம் இல்லை, அதுதான் குறை. நேரம் நாலு மணிகூட ஆகவில்லை. அவவின் வீடு பத்து நிமிடத் தூரம். போய் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தால் முடிந்தது. ஆனால் திரும்பி வந்தால் இந்தத் தரம் நான் அவவோடு உள்ளே போகத்தான் வேண்டும், தனிய விட ஒரு சாட்டும் இல்லை. ஜெனாட், நான் அந்தத் துண்டை மடித்து அவவிடம் திருப்பிக் கொடுத்து, “ஏலாது எண்டுதான் அக்கா எழுதியிருக்கினம்” என்றேன்.

அவ அந்தத் துண்டைக் கைப்பையில் வைத்துப் பூட்டினா. பிறகு, “பரவாயில்லைத் தம்பி. உமக்கும் வீண் அலைச்சல்” என்றா. வீட்டு வாசலில் இறங்கும்போது, “நான் போடாத கதையை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும், மகன்ர பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டு வந்தனான், அதுகள் பகிடி பண்ணுங்கள்” என்று கேட்டுக்கொண்டா. சொல்லமாட்டேன் என்றேன். தொண்ணூற்றேழில் நான் சுமந்துகொண்டு வந்ததை அப்படியே எடுத்து அந்த மனிசியின் மடியில் வைத்துவிட்டு நான் கார் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை நீ டெலிபோன் எடுத்தாய். இங்கே நூறு பேரில் முப்பது பேர்கூட வரவில்லையாமே என்று கேட்டாய், நீங்கள் போட்டீங்கள்தானே என்று கேட்கக்கூட இல்லை, அதில் உனக்குச் சந்தேகமே இல்லை. அப்போதுதான் அந்த வரியை இங்கிலிஷில் வாசித்துவிட்டுத் தமிழில் சொன்னாய், நூற்றுக்கு முப்பது பேர் மட்டும் வாக்களிக்கும் நகரத்தில் ஒரு தேர்தலையும் தவறவிடாத என் அப்பாவுக்கு என்று. நான் அழுதேன், நீ சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்தாய். வியாழக்கிழமை சங்கத்தில் இன்னொன்று நடந்தது. வாக்களிப்பு விழிப்புணர்வுக்கு என்று சொல்லி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். செல்வரட்ணம் அண்ணை போர்த்திவிட, முன்வரிசையில் இருந்து வேரோனிக்கா அக்கா கை தட்டினா. உண்மையாகவே தட்டினா, முகத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் இருந்தவ நீங்களும் போட்டனீங்களோ என்று அவவைக் கேட்டதும், ஓம் என்று அவ சொன்னதும் எனக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்து அந்தச் சால்வையைக் கதிரையில் போட்டேன். அம்மா அதை எடுத்து மடித்தா. மடித்துக்கொண்டே, “இனிக் காணும் இஞ்சருங்கோ” என்றா. என்ன காணும் என்று கேட்டேன். “எத்தினை வருசமா வோட் போட்டிட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு கோப்பி மணத்தோட வாறீங்கள்” என்றா. அம்மாவுக்குத் தெரியும் மகள், தொடக்கத்தில் இருந்தே தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “பிள்ளை உங்களை அப்பிடிப் பாத்துக்கொண்டு இருந்தவள், நான் என்னத்தைச் சொல்ல” என்றா. பிறகு சொன்னா, இவ்வளவு காலத்தில் நான் கேட்டே பார்க்காத ஒன்றை. உன் அம்மா குடியுரிமை எடுத்த நாளில் இருந்து ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குப் போட்டிருக்கிறா. நகரத்துக்கும் மாகாணத்துக்கும் நாட்டுக்கும், ஒன்றும் விடாமல். முதியோர் இல்லத்து வேலை முடிந்து வரும் வழியில், அந்த நீலச் சீருடையோடு, சம்பளத் துண்டைக் காட்டி. முதல் தரம் அவவின் பெயரும் லிஸ்டில் இருக்கவில்லையாம். விளங்கவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்டாவாம், அவர்கள் மெதுவாகச் சொன்னார்களாம். இந்த வீட்டில் தேர்தலைப் பற்றி நான் போட்ட சத்தத்தில் அவவிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை, அது உன் பிழை இல்லை.

அன்றிரவு வேரோனிக்கா அக்காவின் விஷயத்தையும் அம்மாவிடம் சொன்னேன். கோப்பிக் கதைக்கு அவ கோபிக்கவில்லை, இதற்குக் கோபித்தா. நான் சொல்லி முடித்ததும் போய்ப் படுத்தா. விடிந்ததும், “போய்ச் சொல்லுங்கோ, நான் வரமாட்டன்” என்றா. சனிக்கிழமைதான் போனேன், வெள்ளிக்கிழமை முழுக்க எனக்குக் கால் வரவில்லை. வேரோனிக்கா அக்கா சமையலறை மேசையில் பயித்தங்காய் முறித்துக்கொண்டிருந்தா. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவ முறிப்பதை நிறுத்தவில்லை. முடிந்த பிறகு, “அப்ப அந்தத் துண்டு உமக்கு விளங்கினது” என்றா. ஓம் என்றேன். “விளங்கித்தான் ஏலாது எண்டனீர்.” ஓம் என்றேன். கைப்பையைத் திறந்து அந்தத் துண்டை எடுத்தா, எறியாமல் வைத்திருந்தா, என்னிடம் தந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னா. சொன்னேன். பரவாயில்லை, சேர்த்துக்கொள்ளலாம் என்ற இடத்தில், அதைத் திரும்பச் சொல்லும் என்றா. “அவை என்னைத் துரத்தினவை எண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டு இருந்தனான்” என்றா. நான் மன்னிப்புக் கேட்டேன். அவ மன்னித்தேன் என்று சொல்லவில்லை. “எனக்குச் சொன்னது காணாது தம்பி. அண்டைக்குக் கை தட்டின ஆக்களுக்குச் சொல்லும்” என்றா. அடுத்தது எப்போது என்று கேட்டா. நகரத்துக்கு இனி நாலு வருடம் என்றேன். அவ பயித்தங்காயை எடுத்துக்கொண்டு போய்க் கழுவத் தொடங்கினா.

மூன்றாம் திகதி வியாழக்கிழமை சங்கத்தில் எழும்பிச் சொன்னேன். அவவின் பெயரைச் சொல்லவில்லை, என்னை நம்பி வந்த ஒருவருக்கு நான் செய்தது என்று மட்டும் சொன்னேன். பொன்னாடையை மேசையில் வைத்தேன். ஜெனாட், படத்தில் வருகிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. ஒருவரும் எழும்பி வந்து தோளைத் தட்டவில்லை, ஒருவரும் ஏசவும் இல்லை. செல்வரட்ணம் அண்ணை, “உதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம், சங்கத்துக்கும் ஒரு மாதிரி” என்றார். பின்னுக்கு இருந்த ஒருவர் சாப்பாடு எப்போது வரும் என்று கேட்டார். நான் கதிரையில் இருந்தேன், இரண்டு பக்கமும் இருந்தவர்கள் தங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அறுபத்தாறு வயதில் ஒரு வகுப்பில் மூலையில் நிற்கிற மாதிரி இருந்தது. வெளியே வரும்போது வேரோனிக்கா அக்கா மட்டும், “திங்கட்கிழமை உமக்கு வேலை ஒண்டும் இல்லைத்தானே” என்று கேட்டா. இல்லை என்றேன். “அந்த லிஸ்டிலை பேரை இப்பவே பதியலாமோ எண்டு விசாரிப்பம். நீர் உள்ளுக்கும் வரவேணும்” என்றா. நாளைக்குத்தான் திங்கள். இரண்டு பேரும் போகிறோம், இடையில் நாட்டுத் தேர்தல் ஏதும் வந்தால் அதற்காவது உதவும். அவ என்னை மன்னித்துவிட்டா என்று இதை எடுக்காதே, நானும் எடுக்கவில்லை. அவவுக்குக் காரும் துணையும் தேவை, அவ்வளவுதான்.

இனி உன் புத்தகம். அந்த வரியை எடுத்துவிடு மகள். உன்னுடைய புத்தகம் எண்ணிக்கைகளைப் பற்றியது, ஒவ்வொரு எண்ணையும் நீ இரண்டு தரம் சரிபார்க்கிறவள் என்று எனக்குத் தெரியும், முதல் பக்கத்தில் மட்டும் சரிபார்க்காத ஒரு எண் இருக்கக்கூடாது. அம்மாவின் பெயரைப் போட்டு, பிலோமினாவுக்கு என்று எழுதச் சொல்ல நினைத்து அவவிடம் கேட்டேன். தன் பெயர் வேண்டாமாம். “அவளைக் கேட்டு எழுதச் சொல்லுங்கோ, நீங்கள் சொல்லி எழுத வேண்டாம்” என்றா. அது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. நீ அவவுக்கு டெலிபோன் எடுத்துக் கேள், முதல் தரம் போன கதையை முழுக்கக் கேள், எனக்கே அரைவாசிதான் சொன்னா. கேட்டபிறகு அங்கே எதை எழுதுவது என்பதை நீயே முடிவு செய். என்மேல் உனக்கு வரப்போகும் கோபம் நியாயமானது, கோபம் ஆறும்வரை என்னோடு கதைக்காமல் இருந்தாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன், ஆனால் அம்மாவோடு கதை.

ஒன்றைக் கேட்க எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் தகப்பன் என்றபடியால் கேட்கிறேன். அங்கே ஐந்து வருடம் இருந்த வெளிநாட்டுக்காரரும் பெயர் பதிந்தால் நகரசபைக்கு வாக்களிக்கலாம் என்று முன்பு சொன்னாய். உனக்குப் போன ஆவணியோடு ஐந்து வருடம் முடிந்துவிட்டது. பதிந்தாயா என்று நான் கேட்டபோது, பார்ப்போம் அப்பா, வேலை முடியட்டும் என்றாய். வேலை முடியாது, அதை வைத்துக்கொண்டே போய்ப் பதிந்துவிடு. மேசையில் இருப்பவர் சொல்வது விளங்காவிட்டால் மெதுவாகச் சொல்லச் சொல்லிக் கேள்.

குளிருக்கு அந்தப் பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு திரியாதே, புதிதாக ஒன்று வாங்கு. ஆண்டவரும் மாதாவும் உன்னை உன் வேலையிலும் வழியிலும் காக்கட்டும், உன் கையால் வரும் ஒவ்வொரு எழுத்தும் உண்மையாக இருக்கட்டும். அம்மாவின் முத்தங்கள்.

உன் முன்னால் தலை நிமிர முடியாத, ஆனாலும் உன் அப்பா,
சூ. இக்னேசியஸ்